மூடிய இழுவைப்பெட்டியில் கனரக விசையுந்தைக் கையாளுதல்

மூடிய இழுவைப்பெட்டியில் கனரக விசையுந்தைக் கையாளுதல் என்பது, கூரையும் சுவர்களும் கொண்ட இழுவைப்பெட்டி (டிரெய்லர்) ஒன்றினுள் மிகுந்த எடையுள்ள விசையுந்தை (மோட்டார் சைக்கிள்) ஏற்றுதல், நகர்த்துதல், நிறுத்திக் கட்டுதல், இறக்குதல் ஆகிய செயல்களைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இது பரவலாகக் காணப்படுகிறது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் 1938 இல் தொடங்கிய ஸ்டர்ஜிஸ் விசையுந்துத் திருவிழா போன்ற நிகழ்வுகளுக்குப் பலர் தம் வண்டிகளை இவ்வாறே கொண்டு செல்கின்றனர்.

எடையும் அளவும்

நெடும்பயண விசையுந்துகள் பல 350 கிலோகிராமைத் தாண்டுபவை. எடுத்துக்காட்டாக, 2018 ஆம் ஆண்டு வெளியான ஹோண்டா கோல்டு விங் டூர் வண்டியின் எடை சுமார் 380 கிலோ, நீளம் ஏறத்தாழ 2.6 மீட்டர், அகலம் ஏறத்தாழ 0.9 மீட்டர் ஆகும். சிறிய இழுவைப்பெட்டிகளின் அகலம் பெரும்பாலும் 6 அடி (1.83 மீட்டர்) ஆகும். எனவே வண்டியின் நீளம் பெட்டியின் அகலத்தை விட அதிகம். உள்ளே அதை முழுவதுமாகத் திருப்ப இயலாது. முன்புறமாக ஏற்றிய வண்டியைப் பின்புறமாகவே இறக்க வேண்டும். இத்தகைய இரு வண்டிகளை ஏற்றும்போது, கைப்பிடிகள் மோதாதவாறு ஒன்றை முன்னும் மற்றொன்றைப் பின்னும் தள்ளி நிறுத்துவர்.

சாய்வும் விசையும்

நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பிடித்துக்கொள்ள மிகச் சிறிய விசையே போதும். சாயும்போது அவ்விசை விரைவாக உயர்கிறது. 380 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையம் 0.5 மீட்டர் உயரத்திலும் கைப்பிடி 1 மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், கைப்பிடியில் தாங்க வேண்டிய சுமை:

- 5 பாகை சாய்வில் சுமார் 17 கிலோ
- 15 பாகை சாய்வில் சுமார் 49 கிலோ

இதனாலேயே வண்டியைத் தள்ளுபவர் தம் பக்கம் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொள்வார். எதிர்ப்பக்கம் சாய்ந்த வண்டியை இழுத்து நிமிர்த்துவது மிகக் கடினம். குறிப்பிட்ட அளவைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால், அதைத் தடுக்க முயலாமல் விலகிக்கொள்வதே நல்லது. சுவருக்கும் வண்டிக்கும் இடையே அகப்பட்டால் கால் எலும்பு முறியக்கூடும். ஆகவே, வெளியேறும் வழி எப்போதும் தம் பக்கத்தில் இருக்குமாறு நிற்க வேண்டும். பல பெட்டிகளில் இதற்கு உதவும் பக்கக் கதவும் உண்டு.

ஏற்றுதல்

ஏற்றும் முன் பெட்டியை இழுக்கும் ஊர்தியுடன் இணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை இட வேண்டும். இணைக்காத பெட்டியின் பின்முனையில் வண்டி ஏறினால், பெட்டியின் முன்முனை மேலே தூக்கிக்கொள்ளும்.

பின்கதவே பெரும்பாலும் சாய்தளமாகப் பயன்படுகிறது. தளம் 0.5 மீட்டர் உயரத்திலும் சாய்தளம் 1.8 மீட்டர் நீளத்திலும் இருந்தால், சரிவு சுமார் 16 பாகை ஆகும். 380 கிலோ வண்டியை அதன் மீது தள்ள, உராய்வைக் கணக்கில் கொள்ளாமலே, சுமார் 105 கிலோ எடைக்கு ஒப்பான விசை தேவை. இது ஒருவரால் இயலாத செயல். எனவே இருவர் உதவியையோ, கம்பிவடச் சுழலியையோ (வின்ச்), இயந்திர ஆற்றலையோ நாடுவர். ஓட்டிக்கொண்டே ஏறுவதில் இரண்டு இடர்கள் உள்ளன: குறுகிய சாய்தளத்தில் கால் ஊன்ற இடமிராது, கதவின் மேற்சட்டம் தலையில் மோதலாம்.

நச்சு வளிம அபாயம்

கோல்டு விங் வண்டிகளில் 1988 முதல் மின்னோடியால் இயங்கும் பின்னோக்கு வசதி உள்ளது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் இதனை வழங்கின. இவ்வசதி இயந்திரம் இயங்கும்போதே பயன்படும். புகைப்போக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய இடத்தில் விரைவில் உயிருக்கு ஆபத்தான செறிவை எட்டும். எனவே கதவுகள் முழுதும் திறந்திருக்கும் நிலையில் மட்டும், மிகக் குறுகிய நேரத்திற்கே இயந்திரத்தை இயக்க வேண்டும். பக்கவாட்டில் நகர்த்துவதற்கு, சிறு உருளைகள் பொருத்திய தாழ்வான நகர்த்து மேடைகள் கிடைக்கின்றன. இவற்றுக்கு இயந்திரம் தேவையில்லை.

நிறுத்திக் கட்டுதல்

முன்சக்கரத்தைத் தரையில் பொருத்திய சக்கரப்பிடியில் செருகி, நான்கு பட்டைகளால் நான்கு மூலைகளுக்கும் கட்டுவர். முன்பட்டைகளைக் கைப்பிடியில் மாட்டாமல், முன்கவையின் உறுதியான பகுதியில் மாட்டுவது நன்று. அதிர்வுதாங்கிகள் பாதியளவு அழுந்தினால் போதும்.

வண்டி நிற்கும் இடமும் முக்கியமானது. பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மீது விழ வேண்டும். எடை பின்னால் மிகுந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் பெட்டி இருபுறமும் ஊசலாடி விபத்து நேரலாம்.

இறக்குதல்

பின்புறமாக இறங்கும்போது எடை கீழ்ப்பக்கமுள்ள பின்சக்கரத்திற்கு மாறுகிறது. முன்சக்கரத்தின் பிடிமானம் குறைவதால், முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அருகில் நடந்து இறக்குபவரின் கால் பின்பிரேக்கை எட்டாது. ஆகையால், கிளட்ச் உள்ள வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்தி, முதற் பல்லிணையில் இட்டு, கிளட்சைச் சிறிது சிறிதாக விடுவித்துப் பின்சக்கரத்தைக் கட்டுப்படுத்துவர்.

இவற்றையும் பார்க்கவும்

- விசையுந்து
- ஈர்ப்பு மையம்
- சாய்தளம்
- கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்