கவுல் முதல் காப்பகம் வரை: வேடந்தாங்கல் ஏரியில் பறவைப் பாதுகாப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல், இந்தியாவின் தொன்மையான பறவைக் காப்பகங்களுள் ஒன்று. கும்பினி ஆட்சிக்காலத்தில் ஊரார் பெற்ற கவுலிலிருந்து இன்றைய ராம்சார் தகுதி வரை இதன் பாதுகாப்பு பல சட்ட வடிவங்களை எடுத்துள்ளது. ஏரிப் பாசன உரிமையின் ஒரு கூறாகத் தோன்றிய இப்பாதுகாப்பு, காலப்போக்கில் அரசின் தடையாணையாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மாற்றத்தில் ஊராரின் இடம் என்னவாயிற்று என்பதே இதன் மைய வினா.

திறவுச் சொற்கள்: வேடந்தாங்கல், கவுல், ஏரிப் பாசனம், ஆயக்கட்டு, லயனல் பிளேஸ், காட்டுயிர்ச் சட்டம், நீர்ப்பறவைகள்.

முன்னுரை

வேடந்தாங்கலுக்குச் செல்லும் பார்வையாளர் ஏரிக்கரையின் மீது நடந்து, கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, நீருக்குள் நிற்கும் மரங்களை நோக்குகிறார். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, சாம்பல் நாரை, வக்கா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருப்பதை அங்கே காணலாம். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பின் கூடு கட்டும் பணி தொடங்கிப் பங்குனி வரை நீடிக்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் பறவைகள் வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை.

இங்குள்ளவை அனைத்தும் வெளிநாட்டுப் பறவைகள் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது சரியன்று. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் மேற்கூறிய இனங்கள் யாவும் இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்பவை. நீருக்கும் இரைக்கும் ஏற்ப இடம் பெயர்பவை. வடபுலத்திலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. எனவே வேடந்தாங்கலின் சிறப்பு அங்கே கூடு கட்டும் உள்நாட்டு நீர்ப்பறவைகளால் அமைந்தது. அவை இந்த ஏரியைத் தேர்ந்ததற்கான காரணத்தைப் பார்வையாளர் தமக்கு முன்னுள்ள நீரில் மட்டும் தேடினால் போதாது. அவர் நிற்கும் கரைக்குக் கீழே பரந்திருக்கும் ஆயக்கட்டு வயல்களையும் நோக்க வேண்டும்.

பெயரும் நிலமும்

வேடந்தாங்கல் என்பதற்கு ‘வேடர் தங்கிய ஊர்’ எனப் பொருள் கூறுவது வழக்கம். வேட்டைக்குப் பெயர்பெற்ற இடம் பறவைகளின் புகலிடமாயிற்று என்னும் முரண் சுவைக்காகவே இவ்விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஆயினும் தொண்டை மண்டல ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டு நோக்கின் வேறொரு பொருளும் பொருந்தும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் போன்ற பெயர்களில் வரும் ‘தாங்கல்’ என்பது பாசனத்திற்குரிய சிற்றேரியைக் குறிக்கும் சொல். அவ்வகையில் வேடந்தாங்கல் என்பது முதற்கண் ஓர் ஏரியின் பெயர். பின்னரே ஊரின் பெயர் எனக் கொள்ள இடமுண்டு.

இவ்விளக்கம் வரலாற்று நோக்கிலும் முக்கியமானது. வற்றாத பேராறுகள் இல்லாத செங்கல்பட்டுப் பகுதி, மழைநீரைத் தேக்கும் ஏரிகளை நம்பியே வேளாண்மை செய்துவந்தது. வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் மட்டுமே. மதுராந்தகம் ஏரியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. எனினும் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களும், பின்னர் வனத்துறையால் வளர்க்கப்பட்ட கருவேல மரங்களும், நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதால் நிலவாழ் பகைகளிடமிருந்து கூடுகளுக்குப் பாதுகாப்பளித்தன. சுற்றியிருந்த ஏரிகளும் நெல் வயல்களும் மீன், தவளை, நத்தை முதலிய இரையைத் தந்தன.

பறவைகள் உண்ட இரை எச்சமாக ஏரி நீரில் சேர்ந்தது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்ந்தது. இரசாயன உரம் அறிமுகமாவதற்கு முன்னரே இதன் பயனை ஊரார் விளைச்சலில் கண்டிருந்தனர். வயலில் தொடங்கிய சத்து பறவையின் வழியாக ஏரிக்கு வந்து, மீண்டும் வயலுக்கே சென்றது. பறவைகளைக் காப்பது ஊராருக்கு ஏரி மராமத்தைப் போன்ற ஒரு பாசனக் கடமையாகவே இருந்திருக்க வேண்டும்.

கவுல் என்னும் ஆவணம்

ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டதாகவும், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டதாகவும், அவர் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கிக் கவுல் அளித்ததாகவும் வேடந்தாங்கல் வரலாறு தொடங்குகிறது. இந்நிகழ்வு பொதுவாக 1798ஆம் ஆண்டைச் சார்ந்ததாகக் குறிக்கப்படுகிறது. கவுலை வழங்கியவர் அக்காலக் கலெக்டர் லயனல் பிளேஸ்.

இச்செய்தியை இயற்கை ஆர்வலரான ஓர் ஆங்கில அதிகாரியின் கருணையாக விளக்குவோர் உளர். ஆனால் ஆவணத்தின் வகையை நோக்கின் அவ்விளக்கம் நிற்பதில்லை. கவுல் என்பது ஆட்சியாளர் குடிகளுக்கு எழுதித் தரும் உறுதிச் சீட்டு. தரிசு நிலத்தைத் திருத்துவோருக்கும், ஊரைவிட்டு அகன்று மீண்டும் வந்து குடியேறுவோருக்கும் வரி, குத்தகை, உரிமை முதலியவற்றில் இன்ன சலுகை உண்டு என உறுதியளிக்க அது பயன்பட்டது. அதாவது, அது வருவாய் நிர்வாகத்தின் கருவி.

அக்காலச் சூழலும் இதற்கு அரண் செய்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் கும்பினிக்கு அளித்த செங்கல்பட்டுப் பகுதி ஜாகீர் எனப்பட்டது. 1780இல் ஹைதர் அலி படையெடுத்தபோது இப்பகுதி பேரழிவைக் கண்டது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் பராமரிப்பின்றிக் கெட்டன. இந்நிலத்தில் மீண்டும் வேளாண்மையை நிலைநிறுத்தி வரி வருவாயை உயர்த்துவதே 1790களில் கும்பினி அதிகாரிகளின் தலையாய பணியாயிற்று. பிளேஸ் 1799இல் எழுதிய ஜாகீர் அறிக்கை நில உரிமை, மிராசு, வரி ஆகியவற்றை விரிவாகப் பேசுவது இதனாலேயே. இப்பின்னணியில், தம் பாசன நீரின் வளத்தைத் துப்பாக்கிகள் கெடுக்கின்றன என்று உழவர் முறையிட்டால், அம்முறையீடு கலெக்டரின் காதில் வருவாய்ச் சிக்கலாகவே விழுந்திருக்கும். உழவரின் தேவையும் கும்பினியின் வருவாய் நாட்டமும் ஒரு புள்ளியில் சந்தித்ததன் விளைவே இக்கவுல் எனலாம்.

ஏரியும் அதிகாரியும்: மற்றொரு நினைவு

லயனல் பிளேஸ் மதுராந்தகம் வட்டார நினைவில் மற்றொரு வகையிலும் வாழ்கிறார். பெருமழையில் மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்தபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதை அவர் கண்டார் என்றும், தாம் வாக்களித்தவாறு தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்தார் என்றும் ஏரி காத்த ராமர் கோயில் மரபு கூறுகிறது. அக்கோயில் கல்வெட்டிலும் அவர் பெயர் இடம்பெற்றுள்ளது.

இம்மரபில் வரும் அற்புதச் செய்தி வரலாற்றுச் சான்றாகாது. எனினும் ஒரே அதிகாரியைப் பற்றிய இவ்விரு நினைவுகளும் ஏரியையே களமாகக் கொண்டிருப்பது கருதத்தக்கது. ஒன்றில் ஏரியின் கரை காக்கப்படுகிறது. மற்றொன்றில் ஏரியின் நீர்வளம் காக்கப்படுகிறது. வேடந்தாங்கல் கவுலை இவ்வட்டாரத்தின் ஏரிப் பாசன வரலாற்றுக்குள் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இது துணைச் சான்றாகும்.

உரிமை தடையான வரலாறு

மூலக் கவுல் தவறிப்போக, ஊரார் 1858இல் மீண்டும் கலெக்டரை அணுகித் தம் உரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. கும்பினி ஆட்சி முடிந்து பிரித்தானிய முடியாட்சி தொடங்கிய ஆண்டு அது. ஆட்சி மாறும்போதெல்லாம் உரிமையை எழுத்தில் பெற்றாக வேண்டும் என்னும் விழிப்புணர்வு ஊராரிடம் இருந்ததை இச்செய்தி உணர்த்துகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்றப்பட்ட சட்டங்கள் வேறு நோக்கம் கொண்டவை. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், வேட்டைக்குரிய உயிரினங்கள் அருகிப்போகாதவாறு வேட்டைப் பருவத்தை வரையறுத்தது. 1887ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் கொல்லப்பட்ட பறவைகளை நகராட்சி, படைக்குடியிருப்புப் பகுதிகளில் விற்பதையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்த வழிசெய்தது. இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வேடந்தாங்கல் கவுலோ, வேட்டையாடுவோரைத் தடுக்கும் உரிமையை உழவரிடமே ஒப்படைத்தது. காவலுக்குரியவர் யார் என்பதே இவ்விரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு.

1936இல் செங்கல்பட்டுக் கலெக்டர் வேடந்தாங்கலைக் காப்பகமாக அங்கீகரித்தார். 1962இல், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்கீழ் அது காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சட்டப் பாதுகாப்பு வலுப்பெற்றது. அதே வேளையில் காவல் பொறுப்பு ஊரிலிருந்து துறைக்குச் சென்றது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் காப்பக எல்லைக்குள் நில உரிமை, மேய்ச்சல் உரிமை முதலியவற்றை விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பைக் கலெக்டருக்கு அளிக்கிறது. ஆனால் பறவைகளைக் காக்கும் உரிமை என ஊரார் முன்வைத்த உரிமைக்கு அந்த விசாரணை முறையில் தனி இடமில்லை.

சமூகக் காப்பகம் என்னும் வகை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே இச்சட்டத்தில் இடம்பெற்றது. அதுவும் ஏற்கெனவே காப்பகமாக உள்ள நிலங்களுக்குப் பொருந்தாது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் இத்தகைய ஏற்பாட்டை நடைமுறையில் வைத்திருந்த ஊருக்கு அத்திருத்தத்தால் பயனில்லாமற் போயிற்று.

ஓர் ஒப்பீடு: பரத்பூர்

இராஜஸ்தானிலுள்ள பரத்பூர் கேவலாதேவ் பூங்காவின் தோற்றம் இதற்கு நேர்மாறானது. அது பரத்பூர் அரசர்களின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938 நவம்பரில் ஒரே நாளில் 4,273 பறவைகள் அங்கே சுடப்பட்டன. வேட்டைக் களம் தேசியப் பூங்காவான பின், 1982இல் எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. அதையொட்டி எழுந்த மோதலில் துப்பாக்கிச் சூடு நடந்து ஊரார் உயிரிழந்தனர். பின்னர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு, மேய்ச்சல் நின்றதால் புல் மிகுந்து நீர்ப்பரப்பு அடைபட்டுப் பறவைகளுக்கும் கேடு விளைந்ததைக் காட்டியது. மனிதப் பயன்பாடு அனைத்தையும் இடையூறாகக் கருதும் பாதுகாப்பு முறையின் குறையை இந்நிகழ்வு வெளிப்படுத்துகிறது. வேடந்தாங்கலில் இத்தகைய மோதல் எழாமைக்கு, பறவைகளுக்கும் பாசனத்துக்கும் இருந்த உறவே முதற்காரணம் எனக் கருதலாம்.

‘ஊர்’ என்பது யார்?

இவ்வரலாற்றை ஊர் ஒற்றுமையின் கதையாக மட்டும் எழுதுவதும் குறையுடையதே. எச்சம் கலந்த நீரின் பயன் ஆயக்கட்டில் நிலம் உடையோருக்கே நேரடியாகக் கிட்டியது. மிராசு முறை நிலவிய காலத்தில் நிலமற்ற பண்ணையாட்களுக்கு அப்பயனில் பங்கு சொற்பம்; பறவையைப் பிடித்து உண்ணலாகாது என்னும் கட்டுப்பாடோ அனைவருக்கும் பொதுவாயிருந்தது. எனவே கவுலில் அடங்கிய ‘ஊரார் உரிமை’ என்பதை ஆராயும்போது, அது ஊரின் எப்பகுதியினரது உரிமை என்றும் வினவ வேண்டும். மரபுவழிப் பாதுகாப்பை மீட்க விழைவோர் அம்மரபில் இருந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்து மீட்டுவிடலாகாது.

எல்லைச் சிக்கல்

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான பகுதி காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் இதனை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது கடும் எதிர்ப்பு தோன்றியது. எல்லைக்குள் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் வளர்ந்துள்ளன என்பது ஒரு தரப்பு வாதம். பறவைகளுக்கு இழைக்கப்படும் தீங்கு என்பது மறுதரப்பு வாதம். 2022இல் வேடந்தாங்கலும் அண்டையிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன.

இவ்விவாதத்திற்கு வரலாறு ஒரு தெளிவைத் தருகிறது. 74 ஏக்கர் ஏரி தன்னில் கூடு கட்டும் பறவைகள் அனைத்திற்கும் இரை தர இயலாது. பகலில் நாரைகளும் அந்தியில் வக்காக்களும் இரை தேடிச் செல்வது சுற்றுவட்ட ஏரிகளுக்கும் வயல்களுக்குமே. ஏரி பறவைகளின் வீடு என்றால் ஆயக்கட்டு அவற்றின் அடுக்களை. வயல்கள் மனைகளாக மாறினாலும், வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தாலும், நத்தையும் தவளையும் நஞ்சேறி அழிந்தாலும், ஏரியைச் சுற்றி எத்தனை உயரமான வேலி அமைத்தும் பயனில்லை.

முடிவுரை

வேடந்தாங்கலில் பறவைகள் காக்கப்பட்டது, அவை உழவருக்குத் தேவைப்பட்டதால். அத்தேவையைக் கும்பினி தன் வருவாய் நலன் கருதி உரிமையாக எழுதித் தந்தது. பின்வந்த சட்டங்கள் அவ்வுரிமையைத் தடையாணையாக மாற்றின. இன்று இரசாயன உரப் பயன்பாட்டால் எச்ச நீரின் தேவை குறைந்துள்ளது. நிலத்தின் மனை மதிப்பு அதன் விளைச்சல் மதிப்பை விஞ்சிவருகிறது. பழைய உறவின் பொருளாதார அடித்தளம் தளர்ந்துவரும் இந்நிலையில் சட்டத்தின் தடை மட்டும் எஞ்சி நிற்பது போதுமான காவலாகாது.

நெல்லை மாவட்டக் கூந்தன்குளத்தில் வீட்டுத் தோட்ட மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. திருப்புடைமருதூர் 2005இல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இவ்வூர்களின் அனுபவங்களையும் வேடந்தாங்கலோடு ஒருங்கே வைத்து ஆராய்வது அடுத்த கட்டப் பணியாகும். ஆயக்கட்டில் நெல் விளைவிப்போருக்கும், அங்கே கூலி உழைப்பு செய்வோருக்கும் காப்பக நிர்வாகத்தில் முறையான இடமளிப்பதே அக்கவுலின் உட்பொருளை இக்காலத்திற்கு ஏற்பப் புதுப்பிப்பதாகும். 1858இல் ஊரார் கலெக்டரிடம் கேட்டதும் இத்தகைய புதுப்பித்தலையே.