கணக்கில் வராத ஆட்டக்காரர்கள்

1988 டிசம்பர் 18 அன்று கார் விபத்தில் இறந்தபோது ஆர். ஆறுமுகத்துக்கு வயது 35. மலேசியக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பர். நீண்ட கைகளுக்காக அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று கூப்பிட்டார்கள். 1947 ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் இறந்தபோது ஜோஷ் கிப்சனுக்கும் வயது 35தான். அவர் கறுப்பின பேஸ்பால் ஆட்டக்காரர். ஆட்டம் வேறு, நாடு வேறு, காலமும் வேறு. ஆனால் செய்த வேலையில் ஓர் ஒற்றுமை உண்டு. கிப்சன் ‘கேட்ச்சர்’. மட்டையாளருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தப்பி வரும் பந்தைத் தாண்டவிடாமல் பிடிப்பவர். இருவருமே கடைசி ஆள்.

ஓர் ஆட்டக்காரர் போனபின் அவரிடமிருந்து என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது.

நம் பள்ளித் திடலில் ரவுண்டர்ஸ் ஆடியவர்களுக்கு பேஸ்பால் அந்நியமில்லை. பந்தை அடி, ஓடு, முனைகளைத் தொட்டுச் சுற்றி வா. அவ்வளவுதான். வித்தியாசம் ஆட்டத்தில் இல்லை, அதை எழுதிவைக்கும் முறையில் இருக்கிறது. ஹென்றி சாட்விக் என்ற பத்திரிகையாளர் 1859ல் ஓர் ஆட்டத்தை ஒரு சிறு அட்டவணைக்குள் அடக்கிக் காட்டினார். யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை முறை ஓடி முடித்தார், யார் பிடித்தார், யார் கோட்டை விட்டார் எல்லாம் அதில் இருக்கும். ‘பாக்ஸ் ஸ்கோர்’ என்பார்கள். ஆட்டத்தைப் பார்க்காதவன்கூட அதை வைத்து ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு ஆட்டக்காரரைப் பற்றிச் சண்டை போடுபவர்கள் ‘எங்க அப்பா பார்த்திருக்கார்’ என்று சொல்வதில்லை, ஒரு எண்ணைச் சொல்வார்கள்.

அந்தக் கணக்குப் புத்தகத்தில்தான் கிப்சனுக்கு இடமில்லாமல் இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக்குகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தங்களுக்கென்று ‘நீக்ரோ லீக்’ நடத்தினார்கள். ஜார்ஜியாவில் 1911ல் பிறந்த கிப்சன், இரும்பாலை வேலைக்குப் போன அப்பாவைத் தொடர்ந்து பிட்ஸ்பர்க் வந்தவர். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்ற இரண்டு குழுக்களுக்கு ஆடினார். அவர் அடித்த பந்து எவ்வளவு தூரம் போனது என்று ஊருக்கு ஒரு கதை இருந்தது. பெரிய லீக்கின் கதவு கறுப்பர்களுக்குத் திறந்த நாள் 1947 ஏப்ரல் 15. அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவுக்காகத் திடலில் இறங்கினார். கிப்சன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவருடைய கல்லறைக்கு கிட்டத்தட்ட முப்பது வருஷம் பெயர்க்கல்லே இல்லை. பிறகு வைத்த கல்லில் பெயருக்குக் கீழே ‘சகாப்தமான பேஸ்பால் ஆட்டக்காரர்’ என்ற பொருளில் சில சொற்கள் மட்டும் உண்டு. எண் எதுவும் இல்லை.

எண் வந்தது 2024ல். 1920 முதல் 1948 வரையிலான நீக்ரோ லீக் ஆட்டங்களும் பெரிய லீக் ஆட்டங்களே என்று 2020 டிசம்பரில் அறிவித்த அமெரிக்க பேஸ்பால் அமைப்பு, அந்தப் புள்ளிவிவரங்களை 2024 மே மாதம் அதிகாரப்பூர்வ ஏட்டில் சேர்த்தது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்தவர் டை காப், .367. இப்போது முதலிடம் கிப்சனுக்கு, .372. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 முறை அடித்துவிட்டுப் பத்திரமாக முனையைச் சேர்ந்தார் என்று பொருள்.

இந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. ஆய்வாளர்கள், அதிலும் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள், பல ஆண்டுகள் நூலகங்களில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டினார்கள். வெள்ளையர் பத்திரிகைகள் கண்டுகொள்ளாத ஆட்டங்களை ‘பிட்ஸ்பர்க் கூரியர்’, ‘சிகாகோ டிஃபெண்டர்’ போன்ற கறுப்பின வார இதழ்கள் அச்சிட்டிருந்தன. அந்தச் சிறு அட்டவணைகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள்.

கூட்டியபோது இன்னொன்றும் நடந்தது. கிப்சன் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் அடித்தவர் என்பதுதான் ஊர் உலகம் சொன்ன கதை. ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்களையும் சேர்த்த கணக்கு அது. லீக் ஆட்டங்களை மட்டும் எடுத்தால் ஏட்டில் இருப்பது 200க்கும் குறைவு. கதை சுருங்கியது. ஆனால் ஆள் சுருங்கவில்லை. யாரும் கேள்வி கேட்க முடியாத ஓர் இடத்தில் முதல் ஆளாக நின்றார்.

சரி, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நம்மிடம் எண்ணோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். ஓட்டப்பந்தயக்காரர்கள். கடிகாரம் யாருடைய சாதி, இனம், சம்பளத்தையும் கேட்காது. மருத்துவ மாணவராக இருந்துகொண்டே ஓடிய எம். ஜெகதீசன், ‘பறக்கும் டாக்டர்’, 1960, 1964, 1968 என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் மூன்றிலும் தங்கம். அதே பேங்காக்கில் 400 மீட்டரில் எம். ராஜமணி தங்கம். அந்த வருஷம்தான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருது தொடங்கியது. முதல் விருது ஆண்களில் ஜெகதீசனுக்கு, பெண்களில் ராஜமணிக்கு. இரண்டும் தமிழ்ப் பெயர்கள்.

1968ல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 49 வருஷம் நின்றது. 2017ல் 20.90 ஓடி அதை முறியடித்தவர் எங்கள் மலாக்காவின் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான். வித்தியாசம் 0.02 விநாடி. அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் ஓடியதுபோல இருக்கிறது இல்லையா? கணக்கு செய்யும் வேலை இதுதான். செத்துப்போன காலத்தையும் இன்றைய காலத்தையும் ஒரே தடத்தில் நிறுத்தும்.

காற்பந்தில் இது நடப்பதில்லை. 1980 ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் கம்பத்தில் நின்றவர் ஆறுமுகம். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்ததால் அந்தக் குழு போகவில்லை. அதன்பின் நம் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கை எட்டியதே இல்லை. ஆறுமுகத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய உலக மேடை அப்படிப் போனது. 2016ல் அந்தக் குழுவை நினைத்து ‘ஓலா போலா’ என்ற படம் வந்தது. அதில் தமிழ் கோல்கீப்பர் உண்டு, பெயர் முத்து. என் வயதுக்காரர்கள் பலருக்கு முத்துவைத்தான் தெரியும்.

கோல் அடிப்பவனுக்கு இந்த நிலை இல்லை. மொக்தார் டஹாரி அடித்த 89 அனைத்துலக கோல்களை, அவர் இறந்து பல வருஷம் கழித்து, பழைய ஆட்டங்களைச் சரிபார்த்து ஃபிஃபா ஏற்றுக்கொண்டது. கோல் அடித்தவர் பெயர், நிமிஷத்தோடு, செய்தியில் இருக்கும். எண்ணலாம். தடுத்தவனுக்கு அந்தக் காலத்துச் செய்தியில் கட்டமே கிடையாது. நன்றாகத் தடுத்தால் எண் 0. அந்த 0 யாருடைய உழைப்பு என்று எழுத மாட்டார்கள். தடுக்க முடியாமல் போனால் மட்டும் எண் ஏறும். கோல்கீப்பரின் வாழ்க்கை நடக்காமல் போன விஷயங்களால் ஆனது. அதை எண்ண தனியாக ஒரு ஏடு வேண்டும்.

நாட்டுக்கே ஆடியவர் கதை இப்படி என்றால், தோட்டத்துக்கு ஆடியவர்களின் கதை என்ன? லூபோக் சீனா சுற்று வட்டாரத்தில், லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கமும் நெகிரி செம்பிலான் பக்கமும், பால்மரக் காடாக இருந்த நாளில் தோட்டங்களில் திடலும் இருந்தது, குழுவும் இருந்தது. காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் பந்து. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் ஒரு பழைய இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். “ஆறு கோலுப்பா, ஒண்ணு ரெண்டு இல்ல” என்றார் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன், “டேய், நாலுதான். ரெண்டு ஆஃப்சைடு, நீ அப்ப சின்னப் பையன்” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கோப்பை எங்கே என்று கேட்டேன். ஆபீசில் இருந்தது, ஆபீசை இடித்தபோது யார் எடுத்தார்களோ, தெரியவில்லை என்றார்கள்.

பால் நிறுத்ததற்குக் கணக்கு இருந்தது. கிராணி ஒவ்வொரு ராத்தலையும் எழுதினார், ஏனென்றால் அது கம்பெனியின் பணம். சாயங்காலம் நடந்ததற்குக் கம்பெனியிடம் பத்தி கிடையாது. இது யாருடைய சதியும் இல்லை. எந்த நிர்வாகமும் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எண்ணும். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் மூன்று நிமிஷம் நின்றாலும் பதிவாகிறது. அதை ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை எந்தத் திடலில் என்ன செய்தார் என்பது பதிவாகாது. அதை நாம்தான் எழுதவேண்டும்.

1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர்கள் சிதறினார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, அதற்குப் பிறகு தாமான் வந்தது. லயம் போனபோது பதினொரு பேர் பதினொரு ஊருக்குப் போனார்கள். குழு என்பது சேர்ந்து வாழ்வதால் உண்டாவது. வாழ்விடம் போனால் அதுவும் போகும். ஞாபகமும் அப்படித்தான். ஆறா நாலா என்று சண்டை போட இரண்டு பேராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் கிப்சனின் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெரிய ஏடு கைவிட்டதைச் சின்னப் பத்திரிகை காப்பாற்றி வைத்திருந்தது. நம்மிடமும் சின்னப் பத்திரிகைகள் இருந்தன. ‘தமிழ் நேசன்’ 1924ல் தொடங்கி 2019ல் நின்றது. ‘தமிழ் முரசு’ 1935ல் சிங்கப்பூரில் தொடங்கி இன்றும் வருகிறது. அதன் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது, வீட்டிலிருந்தே புரட்டலாம். தமிழில் பேசும் ஒரு பொறியியலாளர், ஒரு எக்செல் தாள், ஒரு வார இறுதி. ஓர் ஆட்டம், தேதி, இடம், குழு, பெயர்கள், கோல் என்று ஆறு பத்தி போட்டால் போதும், தொடங்கிவிடலாம். அமெரிக்காவில் தொடங்கியவர்களும் இவ்வளவோடுதான் தொடங்கினார்கள்.

ஒன்றுக்கு மட்டும் தயாராக இருக்கவேண்டும். எண்ணத் தொடங்கினால் சில கதைகள் சுருங்கும். நம் தாத்தா அடித்த ஆறு கோல் நாலாகலாம், நாலு இரண்டாகலாம். அதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆறு கோல் என்பதை வீட்டுக்குள் மட்டும்தான் சொல்லிக்கொள்ள முடியும். தேதியோடும் பெயரோடும் இருக்கும் இரண்டு கோலை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். ‘நாங்களும் இந்த நாட்டில் ஆடினோம்’ என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் ஆதாரம் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

பத்திரிகை வரை போகாத ஆட்டங்கள்தான் அதிகம். அவை இருக்கும் இடம் வீட்டு அலமாரி. முன்வரிசையில் முட்டி போட்டு, நடுவில் பந்தை வைத்துக்கொண்டு, ஓரத்தில் துரையோ கிராணியோ நிற்கும் குழுப்படம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அதில் இருப்பவர்களை அடையாளம் சொல்லக்கூடியவர் இன்னும் உயிரோடு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயரையும் கேட்டுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். கோல்கீப்பர் யார் என்று மறக்காமல் கேளுங்கள்.