கந்தலில் பிறந்த வண்ணங்கள்

அமெரிக்காவில், அலபாமா ஆறு மூன்று புறமும் வளைத்தோடும் நிலப்பகுதி ஜீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் ஜீ அங்கே பருத்திப் பண்ணை நிறுவினார். 1845இல் அது பெட்வே என்பவர் கைக்கு மாறிற்று. அங்கே அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் அப்பெயரையே தாங்கியிருக்கின்றனர்.

அவ்வூர்ப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகளைக் காண்கையில், வண்ணத் தேர்வு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. அவர்களுக்கு வாய்த்தவை நைந்த உடைகளும் சாக்குத் துணிகளுமே. ஆயினும் எதனருகே எதை வைப்பது என்பது அவர்கள் முடிவு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி அடுக்கடுக்காகப் பட்டைகள் என்னும் 'வீட்டுக்கூரை' அமைப்பை ஆளுக்கொரு விதமாய்க் குலைத்து அடுக்கினர்.

1942இல் மிசூரி பெட்வே, மறைந்த கணவரின் வேலையுடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்வதே நோக்கம். அதிலுள்ள வெளிறிய நீலம் வயல்வெயிலும் சலவையும் தந்தது.

1966இல் தோன்றிய தையற் கூட்டுறவுக்கு, 1972இல் சியர்ஸ் நிறுவனத்தின் தலையணை உறை வேலை கிடைத்தது. உறைகள் ஒரே அச்சில் அமையவேண்டும். மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குச் சென்றன. பொன்மஞ்சளும் பச்சையும் போர்வைகளில் புகுந்தன.

2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் இப்போர்வைகளைச் சுவரில் மாட்டியது. விமர்சகர்கள் நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டனர். தகுதியான புகழே. எனினும், பலகைச் சுவரின் இடுக்கில் நுழைந்த குளிரிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே அவை தைக்கப்பட்டன என்பதையும் நாம் சேர்த்தே நினைக்கவேண்டும்.