விக்கியும் கறுப்புத் திரையும் - ஒரு குட்டி வரலாறு

விக்கிப்பீடியாவில் 'தொகு' என்பதை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் எழுதிச் சேமித்தால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எழுதவே மாட்டோம் என்று அடம்பிடித்த ஒரு கூட்டமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பக்கத்தை இறக்குவார்கள், பழகிய எடிட்டரில் திருத்துவார்கள், திரும்ப ஏற்றிவிடுவார்கள். "எதுக்குங்க இந்தச் சுற்றுவழி?" என்று கேட்கத் தோன்றும். அவர்களுடைய பிடிவாதத்தால் கணினிப் பக்கமே போகாத குடும்பங்களுக்கும் ஒரு நன்மை கிடைத்தது என்பது என் கட்சி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 'ஈடி' என்ற எடிட்டரை எழுதினார். அன்றைக்குத் திரை கிடையாது, தாளில் அச்சடிக்கும் இயந்திரம்தான். ஒவ்வொரு வரியாகத்தான் திருத்த முடியும். 1976-ல் பெர்க்கிலியில் பில் ஜாய் 'விஐ' எழுதினார். மோடம் ஆமை வேகத்தில் ஓடிய காலம் அது. அதனால் கட்டளைகளெல்லாம் ஓரெழுத்து, ஈரெழுத்து. 'டி' விசையை இரண்டு முறை தட்டினால் ஒரு வரி காலி! 1991-ல் நெதர்லாந்தின் பிராம் மூலெனார் அதை வளர்த்து 'விம்' ஆக்கினார். காசு கேட்கவில்லை, முடிந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். 2023-ல் அவர் மறையும்வரை விம்மைப் பராமரித்து வந்தார். இப்படி ஒரு கருவி விரலில் ஊறிப்போனவர்களிடம் வேறு பேனாவைக் கொடுத்தால் எழுத வருமா?

இனி விக்கி. வார்டு கன்னிங்ஹாம் 1995 மார்ச் 25-ல் முதல் விக்கியைத் திறந்தார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் 'சீக்கிரம் சீக்கிரம்' என்று பொருள். உலாவி இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதுதான் அவர் செய்த புரட்சி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் எழுதிய முதல் உலாவியில் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். பிறகு உலகம் முழுக்கப் பரவிய உலாவிகள் படிக்க மட்டுமே பழக்கின. அந்தச் சுவரில் கன்னிங்ஹாம் திறந்த ஜன்னல்தான் இந்தப் பெட்டி. ஆனால் சின்ன ஜன்னல். ஒரு சொல்லைப் பக்கம் முழுக்க மாற்றும் வசதி அன்று கிடையாது. பாதியில் மின்சாரமோ இணைப்போ போனால் ஒரு மணி நேர உழைப்பும் போச்சு. நம்ம ஊர் மின்வெட்டில் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

தப்பிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1992-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'லிங்க்ஸ்' எழுத்து மட்டுமே காட்டும் உலாவி. பெட்டியில் இருப்பதை நமக்குப் பிடித்த எடிட்டரில் திறக்கும் வசதி அதில் வந்து சேர்ந்தது. 2001-ல் விக்கிப்பீடியா தொடங்கியபோது பக்கங்கள் சர்வரில் சாதாரணக் கோப்புகளாகத்தான் இருந்தன. 2002-ல் அவை தரவுத்தளத்துக்குள் போயின. அதன்பின் வெளியிலிருந்து திருத்த விரும்பிய நிரல்கள் உலாவி மாதிரி வேடம் போட வேண்டியிருந்தது. பக்கத்தின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் நிரல் படுத்துவிடும். 2008-ல் மீடியாவிக்கி மென்பொருளே நிரல்களுக்கென்று முறையான திருத்தும் வாசலைத் திறந்தது. நாம் இறக்கியது எந்த நேரத்துப் பிரதி என்பதையும் நிரல் சேர்த்துச் சொல்லும். இடையில் வேறொருவர் திருத்தியிருந்தால் சர்வர் எச்சரிக்கும், அவர் உழைப்பு அழியாது.

உண்மையான திருப்பம் 2006-ல் வந்தது. ஜோயி ஹெஸ் என்ற நிரலாளர் 'ஐக்கிவிக்கி' என்ற மென்பொருளில் கதையையே தலைகீழாக்கினார். விக்கியிலிருந்து எடிட்டருக்கு ஏன் பக்கத்தைக் கொண்டுவர வேண்டும்? விக்கியே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற கணக்கை 'கிட்' போன்ற மென்பொருள் வைத்துக்கொள்ளட்டும். 2010-ல் கிட்ஹப் தளமும் தன் விக்கிகளை இதே முறைக்கு மாற்றியது. இதன் பலன் என்ன தெரியுமா? பிரதி எடுத்த ஒவ்வொருவர் கணினியிலும் முழு விக்கியும் அதன் பழைய வரலாறும் இருக்கும். இணைப்பில்லாமல் ரயிலில் உட்கார்ந்தும் எழுதலாம், வீட்டுக்கு வந்து ஏற்றலாம்.

தமிழுக்கு இதில் ஒரு சிக்கல். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் ஐந்து குறியீடு, யூடிஎப்-8 முறையில் 15 பைட்டு. அந்த யூடிஎப்-8-ஐ 1992-ல் ராப் பைக்குடன் சேர்ந்து உருவாக்கியவரும் அதே கென் தாம்சன்தான்! ஆனால் கறுப்புத் திரை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் போடும். கொம்பும் காலும் போட்டு இரண்டு பக்கமும் விரியும் 'கொ' அந்தக் கட்டத்தில் எப்படி அடங்கும்? பல டெர்மினல்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். திரையில்தான் சிதறல், கோப்புக்குள் எழுத்து பத்திரமாக இருக்கும். அதே கோப்பைச் சாதாரண ஜன்னல் எடிட்டரில் திறந்தால் அழகாகத் தெரியும்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். 2005-ல் தொடங்கி எத்தனையோ பள்ளி ஆசிரியர்கள் நம்பியிருந்த விக்கிஸ்பேஸஸ் 2018-ல் கடையைக் கட்டத் தொடங்கியது. நேரத்தோடு பிரதி இறக்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். கன்னிங்ஹாமின் முதல் விக்கிகூட 2015-லிருந்து படிக்க மட்டும்தான். அடுத்தவர் சர்வரில் மட்டும் இருக்கும் எழுத்து வாடகை வீட்டில் நட்ட மரம் மாதிரி. காலி செய்யும்போது கூட வராது.

நாம் வேர் ஓரிடம், வீடு ஓரிடம் என்று வாழ்கிறவர்கள். அண்ணன் புனேயில், அத்தை டெல்லியில், சித்தப்பா கொல்கத்தாவில். பாட்டியின் சமையல் குறிப்பு, குலதெய்வக் கோயில் கதை, யாருக்கு யார் என்ன உறவு என்ற வம்சக் கணக்கு - இதெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். நான்கு பேர் சேர்ந்து எழுத விக்கியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கட்டளையெல்லாம் கற்க வேண்டாம். எழுதுவதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும் வைத்திருங்கள், நான்கு வீட்டிலும் ஒரு பிரதி இருக்கட்டும். கறுப்புத் திரைக்காரர்கள் அடம்பிடித்தது எதற்கோ இருக்கலாம். நமக்கு அதில் கிடைத்த பாடம் இதுதான்.