பிலிப்பிக்: ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் கடுங்கண்டன உரையைக் குறிக்கும் சொற்களுள் ‘பிலிப்பிக்’ என்பதும் ஒன்று. அதற்கு ‘வசைமாரி’ என்று பொருள் கூறிவிடுதல் எளிது. அது தவறன்று, ஆயினும் முழுமையன்று. சொல் பிறந்த கதையை அறிந்தால் வசைக்கும் கண்டனத்துக்கும் உள்ள வேற்றுமை விளங்கும்.

கி.மு. 359-இல் மாசிடோனியாவின் ஆட்சி இரண்டாம் பிலிப்பின் கைக்கு வந்தது. அவன் தன் படையைச் சீர்ப்படுத்திக் கிரேக்க நகரங்களை ஒவ்வொன்றாக வளைத்தான். ஏதென்சு மக்களோ வாளாவிருந்தனர். அவர்களைத் தட்டியெழுப்ப முனைந்தவர் டெமாஸ்தனிஸ் என்னும் நாவலர். நாக்குழறலைப் போக்க வாயில் கூழாங்கற்களை அடக்கிக்கொண்டு பேசிப் பழகியவர் இவர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். கி.மு. 351 முதல் 341 வரை பிலிப்பை எதிர்த்து இவர் ஆற்றிய உரைகள் சில, அம்மன்னன் பெயராலேயே வழங்கலாயின. கண்டித்தவர் பெயரன்று, கண்டிக்கப்பட்டவன் பெயரே சொல்லாக நிலைத்தது!

முதலுரையில் பிலிப்பினும் மிகுதியாக இடித்துரைக்கப்பெற்றோர் ஏதென்சு மக்களே. குத்துச்சண்டை பயிலாதவன் அடிபட்ட இடத்தையே கையால் பொத்துவான். அடுத்த அடியைத் தடுக்க அறியான். ஏதென்சின் போரும் அத்தகையதே என்றார் அவர். குறைகூறியதோடு அமையாது, நிலைப்படைக்கு 2,000 காலாட்களும் 200 குதிரை வீரரும் வேண்டும் என்று திட்டமும், அதற்காகும் செலவுக் கணக்கும் தந்தார். ஆயினும் கி.மு. 338-இல் கெரோனியாப் போரில் ஏதென்சு தோற்றது. மாண்ட வீரர்க்கு இரங்கலுரை ஆற்ற அந்நகரம் தேர்ந்தெடுத்தது டெமாஸ்தனிசையே. எச்சரித்தவரை மக்கள் வெறுக்கவில்லை என்பதற்கு இது சான்று.

கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்டபின், ரோமாபுரியில் ஆண்டனியின் ஆதிக்கம் ஓங்கியது. அவனை எதிர்த்துச் சிசரோ இயற்றிய உரைகளுள் 14 இன்றும் கிடைக்கின்றன. டெமாஸ்தனிசை நினைந்து, அவற்றைப் ‘பிலிப்பிக்குகள்’ என்று விளையாட்டாக முதலில் குறித்தவர் சிசரோவே. அவற்றுள் இரண்டாவது, அவையில் பேசப்படாது எழுத்துவடிவிலேயே பரவியது. ஆண்டனியின் குடி, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை அது ஈவிரக்கமின்றிச் சாடுகிறது. வசையின் சாயல் இச்சொல்லில் அழுத்தமாகப் படிந்தது இங்கேதான். கி.மு. 43 டிசம்பர் 7-இல் சிசரோ கொல்லப்பட்டார். அவர் தலையையும், எழுதிய கையையும் வெட்டி, அவர் முழங்கிய சொல்மேடையிலேயே ஆண்டனி காட்சிக்கு வைத்தான்.

டெமாஸ்தனிசும் கி.மு. 322-இல், பகைவர் கையிற் சிக்காதிருக்க நஞ்சுண்டு மாண்டார். இருவரும் சொல்லுக்கு உயிரை விலையாகத் தந்தவர்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், இன்று எவர்மீதும் பொழியும் சீற்றவுரைக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

வசை பகைவனை மட்டுமே நோக்கும். கண்டனமோ கேட்போரையும் திருத்த முயலும். ஆதலின் இச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், ‘வசைமாரி’ என்பதோடு நில்லாமல் ‘இடித்துரை’ என்பதையும் சேர்த்துக் கூறுதல் நன்று. சொல்லின் முதற்பொருள் அதில்தான் உள்ளது.