37ஆம் கணம்: அனிச்சையா, அனுமானமா?

சண்டை வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட காட்சித்துணுக்கு ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டின் ஈவோ போட்டி. கலிபோர்னியாவின் பொமோனாவில் ஒரு பல்கலைக்கழக வளாகம். ஆட்டம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்ட் ஸ்ட்ரைக். தோற்றோர் பிரிவின் இறுதியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதுகின்றனர். உமெஹாரா ஆட்டுவிக்கும் கென்னின் உயிர்ப்பட்டையில் ஒரு நூலிழையே எஞ்சியிருக்கிறது. வோங்கின் சுன்-லி தன் 'சூப்பர்' தாக்குதலைத் தொடுக்கிறாள். பதினைந்து உதைகள். அனைத்தையும் உமெஹாரா தட்டிவிடுகிறார். கடைசி உதையை அந்தரத்தில் தாவியபடி எதிர்கொள்கிறார். உடனே திருப்பித் தாக்கி அச்சுற்றை வெல்கிறார்.

வகுப்பில் இதைக் காட்டும்போதெல்லாம் மாணவர்கள் கூறுவது ஒன்றுதான்: என்ன வேகமான கை! அதில் ஓரளவே உண்மை உண்டு என்பது என் வாதம்.

இவ்விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் இயங்குவது. கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்குச் சுமார் கால் நொடி, அதாவது 12 முதல் 15 ஃபிரேம் வரை தேவை. சுன்-லியின் சூப்பர் தொடங்கியதும் திரை ஒரு கணம் உறைகிறது. அது விலகியவுடன் முதல் உதை வந்து விழுகிறது. 'பேரி' எனப்படும் அந்தத் தடுப்புக்கு, அடி விழும் வேளையில் கைப்பிடியை எதிரியை நோக்கித் தட்டவேண்டும். கண்டபின் முடிவெடுத்தால் காலம் கடந்துவிடும். எஞ்சிய 14 உதைகள் தாளம், பயிற்சியால் கைவருபவை. முதல் தட்டல் மட்டும் அனுமானம். வோங் என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் செய்வதற்கு முன்பே உமெஹாரா தீர்மானித்திருக்க வேண்டும்.

அவ்வனுமானம் எங்கிருந்து வந்தது? சாதாரணமாகத் தடுத்தாலும் சூப்பர் சிறிது உயிரை அரிக்கும். அந்நிலையில் அவ்வளவே கென்னை வீழ்த்தப் போதுமானது. இது வோங்குக்குத் தெரியும். வோங்குக்குத் தெரியும் என்பது உமெஹாராவுக்கும் தெரியும். உயிர்ப்பட்டையில் முன்னணியிலிருந்த வோங் நேரம் தீரும்வரை விலகி நின்றிருந்தாலும் வென்றிருப்பார். ஆனால் அருகிருந்த எளிய வெற்றி அவரை ஈர்த்தது. அதற்கு முந்தைய நொடிகளில் கென் முன்னும் பின்னும் அசைவதை நான் ஓர் அழைப்பாகவே வாசிக்கிறேன்.

எதிரியின் மனத்தைப் படிக்கும் இத்திறனை ஜப்பானியர் 'யொமி' என்பர். வாசிப்பு என்பதே சொற்பொருள். அமெரிக்க விளையாட்டு வடிவமைப்பாளர் டேவிட் சர்லின் இதை அடுக்குகளாக விளக்கினார்: என் அடி, அதற்கு உன் மாற்று, அம்மாற்றுக்கு என் மாற்று. ஓர் அளவுக்குமேல் அடுக்குகள் தொடக்கத்துக்கே திரும்பிவிடும் என்றும் அவர் காட்டினார். ஜான் வான் நாய்மன் 1928இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, இத்தகைய ஆட்டத்தில் யாராலும் படிக்கப்படாதிருக்கச் சிறந்த வழி, தக்க விகிதத்தில் தற்செயலாகத் தேர்வதே. ஆயினும் மனிதர் தற்செயலாக நடக்க இயலாதவர். நெருக்கடியில் பழக்கத்தையே நாடுவர். உளவியல் உத்தி நுழையும் இடம் இந்த இடைவெளிதான்.

வாசிக்கும் முறைக்கும் ஒரு பௌதிக வரலாறு உண்டு. 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் II வந்தபின் அமெரிக்க ஆர்கேடுகளில் இருவர் ஒரே இயந்திரத்தின்முன் தோளோடு தோள் உரச நின்றனர். பொத்தான் ஒலி, மூச்சு, ஏளனம் எல்லாமே சான்றுகள். ஜப்பானிலோ இரு இயந்திரங்களை முதுகோடு முதுகாக இணைத்து வைக்கும் வழக்கம் பரவியது. எதிரியின் முகம் தெரியாது, அவரைத் திரையிலிருந்து மட்டுமே வாசிக்க வேண்டும். இரு நாட்டு ஆட்டப் பாணிகளின் வேறுபாட்டைத் தேசிய குணமாக விளக்குவோர் இருக்கைகளைப் பார்க்க மறந்துவிடுகின்றனர். தோற்றால் மீண்டும் ஒரு நாணயம், மீண்டும் வரிசை. ஒவ்வொரு தவறான வாசிப்புக்கும் விலை இருந்தது.

வாசிப்புக்கு முன்தகவல் வேண்டும் என்பதை நம் துணைக்கண்டமே பின்னர் காட்டியது. லாகூரின் அர்சலான் ஆஷ் 2019இல் ஜப்பானிலும் பின் லாஸ் வேகஸிலும் டெக்கன் 7 ஈவோ பட்டங்களை வென்றார். விசா, பயணத் தடைகளால் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் உலக அரங்கில் அரிதாகவே காணப்பட்டனர். அவர்களது பழக்கங்களைப் பிறர் படித்திருக்கவில்லை. தடையே கேடயமாயிற்று. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் V தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. கை வேகமே எல்லாம் என்போர் இதை எவ்வாறு விளக்குவர்?

மீண்டும் அத்துணுக்குக்கு வருவோம். '37' என்ற எண் பொருளற்றது. இத்தகைய கணங்கள் பல உள்ளன என்று தோன்றச் செய்யப் பின்னாளில் சூட்டப்பட்டது. ஒரு நிமிடக் காட்சி ஆவணமானது. அதற்கு முந்தைய ஆட்டங்களில் இருவரும் ஒருவரையொருவர் கற்றுக்கொண்ட விதம் நினைவிலிருந்து நழுவியது. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2இல் பலமுறை பட்டம் வென்ற வோங், உலகின் கண்ணுக்கு அன்று தோற்றவராகவே நிலைத்துவிட்டார். உமெஹாராவும் அன்று பட்டம் பெறவில்லை. இறுதியாட்டத்தில் சக ஜப்பானியரான கே.ஓ.விடம் தோற்றார். அந்த ஆட்டத்தைக் காட்டுமாறு இதுவரை எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.