பத்து டாலர் நோட்டில் ஹென்றி லாசன்

1966-ல் ஆஸ்திரேலியா பவுண்டை விட்டு டாலருக்கு மாறியபோது, பத்து டாலர் நோட்டின் ஒரு பக்கத்தில் அடர்ந்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். ஹென்றி லாசன். கவிஞர், சிறுகதைக்காரர். வாழ்நாளில் கையில் காசு தங்காத மனுஷன்!

1867-ல் நியூ சவுத் வேல்ஸின் கிரென்ஃபெல் தங்க வயல் பகுதியில் பிறந்தார். அப்பா நார்வே நாட்டு மாலுமி. அம்மா லூயிசா 1883-ல் கணவரைப் பிரிந்து சிட்னிக்கு வந்தார். 1888-ல் பெண்களுக்காக 'தி டான்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். லாசனுக்குப் பதினாலு வயதுக்குள் காது பெரும்பாலும் கேட்காமல் போய்விட்டது.

1892-ல் 'புல்லட்டின்' பத்திரிகையில் லாசனுக்கும் பாஞ்சோ பேட்டர்சனுக்கும் கவிதையிலேயே சண்டை. உள்நாட்டு வாழ்க்கை இனிமையானது என்பது பேட்டர்சன் கட்சி. வறட்சியும் தனிமையும்தான் மிச்சம் என்பது லாசன் கட்சி. அதே ஆண்டு ஆசிரியர் ஆர்ச்சிபால்ட் அவரிடம் ஐந்து பவுண்டும் பர்க் ஊருக்கு ரயில் டிக்கெட்டும் கொடுத்தனுப்பினார். அங்கிருந்து கொளுத்தும் கோடையில், மூட்டையைச் சுமந்துகொண்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஹங்கர்ஃபோர்டுக்கு நடந்தே போய்த் திரும்பினார். சும்மா உட்கார்ந்து எழுதினவர் இல்லை.

அவருடைய புகழ்பெற்ற கதை 'மாடோட்டியின் மனைவி'. இதுவும் 1892-ல் வந்ததுதான். கணவன் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கோ போயிருக்கிறான். வீட்டுக்கடியில் பாம்பு. பிள்ளைகளைக் காத்தபடி ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள் ஒரு பெண். அவ்வளவுதான் கதை.

இதை எழுதியவரின் சொந்த வாழ்க்கையைப் பாருங்கள். 1896-ல் பெர்த்தாவை மணந்தார். குடி கூடியது. 1903-ல் நீதிமன்றம் வழியாகப் பிரிந்தார்கள். மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கட்டாததால் டார்லிங்ஹர்ஸ்ட் சிறைக்குப் பலமுறை போனார். சிறையில் தனக்குத் தந்த எண்ணையே ஒரு கவிதைக்குத் தலைப்பாக்கினார்.

1922-ல் இறந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம். பிரதமர் ஹியூஸே வந்திருந்தார். 1993-ல் வந்த புதிய நோட்டில் அதே பேட்டர்சன்!

'வறுமையில் வாடிய மகாகவி' என்று உருகி முடித்துவிடலாம். ஆனால் அவர் கட்டாத பணம் அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய பணம் இல்லையே. தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணின் பாடு லாசனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பெர்த்தாவை அங்கேதான் நிறுத்தினார். அவர் கதையைக் கொண்டாடும்போது பெர்த்தாவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வது நியாயம்.